முன்பணமா, பணயமா?

புது தில்லி: தம்பானூரில் ரயிலிறங்கித் திருவனந்தபுரத்தில் வாடகைக்குக் குடியேறும் தமிழர், பணியிட மாற்றத்தால் 11 மாத ஒப்பந்தம் முடியுமுன் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் முன்பணம் முழுமையாகத் திரும்புமா?

கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தலையாய கவலை, குடியிருப்பவரை வீட்டு உரிமையாளர் வெளியேற்றிவிடக் கூடாது என்பதே. தாமாக வெளியேறுபவரின் கவலை வேறு. மாற்று ஒப்பந்தம் இல்லாவிடில், மாத வாடகைக் குடியிருப்பை 15 நாள் அறிவிப்பில் இரு தரப்பில் எவரும் முடித்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் வழி செய்கிறது. ஒப்பந்தத்தில் தண்டத்தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடே உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஆயினும் பணம் உரிமையாளர் கையில் இருக்கையில், சில ஆயிரம் ரூபாய்க்காக நீதிமன்றப் படியேறுபவர் யார்?

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே, உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. ஆனால், அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது.

உரிமையாளரின் இழப்புக்கு ஈடு தேவைதான். அது ஒரு மாத வாடகையைத் தாண்டலாகாது என மாநிலங்கள் சட்டத்தில் எழுத வேண்டும். அதுவரை, எழுத்துமூல அறிவிப்பும் சாவியை ஒப்படைத்ததற்கான ரசீதுமே குடியிருப்பவருக்குத் துணை.