சூட் நமக்கு, சோபா அம்மாவுக்கு!

தலைப்பைப் பார்த்துக் கோபம் வருகிறதா? வரட்டும். அதற்குத்தான் வைத்தேன்.

மும்பையில் குப்பை கொட்ட ஆரம்பித்து 17 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நம்ம ஆட்களின் லீவுத் திட்டம் எப்படி எல்லாம் மாறியது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் ஷீரடி, மகாபலேஷ்வர். அப்புறம் கோவா. அப்புறம் சிங்கப்பூர், துபாய். இப்போது கப்பல். 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனம் எம்ப்ரஸ் என்ற கப்பலை மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு பக்கம் ஓட்ட ஆரம்பித்தது. 2022 ஜூனில் அதே கப்பல் சென்னைக்கும் வந்தது. 2023-ல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அதிலிருந்து செம்பூர், முலுண்ட், மாட்டுங்கா என்று எங்கே நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தாலும் கப்பல் பேச்சுதான். காசு கொஞ்சம் கூட இருந்தால் சிங்கப்பூர் போய் இன்னும் பெரிய கப்பல்.

நல்ல விஷயம். "ஊரிலேர்ந்து அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம்" என்கிறார்கள். அது ரொம்ப நல்ல விஷயம். பிரச்சினை அதற்கு அடுத்த வரியில் வருகிறது.

"ஒரே சூட்டா போட்டாச்சு பாஸ். ஆறு பேரும் ஒண்ணா இருக்கலாம்."

சரி, அந்த ஒரே சூட்டில் யார் எங்கே படுப்பது? கேட்டுப் பாருங்கள். பெரிய கட்டிலில் பணம் கட்டியவரும் தங்கமணியும். இழுத்துப் போடும் சோபாவில் அப்பாவும் அம்மாவும். சின்னதுகள் இரண்டும் மடக்குக் கட்டிலிலோ, சுவரிலிருந்து இறங்கும் மேல் பெர்த்திலோ. "அம்மா அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க பாஸ்."

இந்த 'அட்ஜஸ்ட்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுகிறேன். சூட் என்றதும் நாம் மூன்று ரூம் உள்ள வீடு மாதிரி கற்பனை செய்துகொள்கிறோம். மினி சூட், ஜூனியர் சூட் என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலானவை ஒரே அறைதான். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. பாத்ரூம் ஒன்று. அம்மாவுக்கு சர்க்கரை, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை என்றால் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் பிள்ளையும் மருமகளும் தூங்கும் கட்டிலைத் தாண்டி, லைட்டைப் போடாமல், தடவித் தடவிப் போகவேண்டும். கப்பல் பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு மேடு வேறு இருக்கும். ஆடுகிற கப்பலில், இருட்டில், 70 வயதில் அதைத் தாண்டவேண்டும்.

இதற்குப் பெயர் சொகுசாம்.

என் கட்சி இதுதான். கப்பலில் நல்ல அறை, பணம் கட்டியவருக்கு இல்லை. அந்த அறையில் அதிக நேரம் இருக்கப்போகிறவருக்கு.

மணிக்கணக்குப் போட்டுப் பாருங்களேன். நாமும் பிள்ளைகளும் அறையில் எவ்வளவு நேரம் இருப்போம்? நீச்சல் குளம், சாப்பாடு, ஷோ, மறுபடி சாப்பாடு :-) என்று சுற்றிவிட்டு வந்து விழுவோம். ஏழு மணி நேரம், மிஞ்சினால் எட்டு. பெரியவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் படுக்கவேண்டும். ராத்திரி ஒன்பதரைக்குக் கண் சொக்கும். விடியற்காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். அப்புறம் லட்சத்தீவு மாதிரி இடங்களில் கப்பல் கரைக்குப் போவதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு, அங்கிருந்து சின்னப் படகில் இறக்குவார்கள். முட்டி வலி உள்ளவர்கள் அசைகிற படகுக்குள் காலை வைக்கப் பயந்து "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அன்று முழுக்க அறைதான். எங்கள் வீட்டுக் கணக்கில் பெரியவர்கள் ஒரு நாளைக்குப் பதினாலு, பதினைந்து மணி நேரம் அறையில் இருந்தார்கள். இப்போது சொல்லுங்கள், பால்கனி யாருக்கு?

ஆறு பேருக்கு எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு இது: பெரியவர்கள் இரண்டு பேருக்குப் பால்கனி உள்ள அறை. நமக்கும் பிள்ளைகளுக்கும் நாலு பேர் படுக்கும் ஜன்னல் இல்லாத உள்அறை, எதிரிலோ பக்கத்திலோ. நமக்கு எதற்கு ஜன்னல்? கண்ணைத் திறந்தால் வெளியே ஓடப்போகிறோம். ஜன்னல் இல்லாத அறையில் பகலா ராத்திரியா என்றே தெரியாது. நாலரைக்கு முழித்துக்கொண்ட மனிதரை அதில் அடைத்து வைத்தால் என்ன செய்வார்? போன வருஷம் நாங்கள் மூன்று ராத்திரி போனபோது அப்பா அம்மாவுக்குப் பால்கனி அறை, எங்களுக்கு உள்அறை. "ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு சம்பாதிச்சுட்டு பொந்துல படுக்கறீங்களே" என்று என் மச்சினர் சிரித்தார். சிரிக்கட்டும். அப்பா தினமும் விடிவதற்கு முன்னால் பால்கனியில் உட்கார்ந்து மீன்பிடிப் படகு விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். யாரையும் எழுப்பிவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் அம்மா குளித்து, ஸ்லோகம் சொன்னார்.

"செலவு?" என்று கேட்பீர்கள். கப்பல் கட்டணம் ஓட்டல் மாதிரி அறைக்கு இவ்வளவு என்று இருக்காது. தலைக்கு இவ்வளவு, அதுவும் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். மூன்றாவது, நாலாவது ஆளுக்குத்தான் குறைத்துப் போடுவார்கள். துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் தலைக்குத் தலை தனி. பல கப்பல்களில் சூட்காரர்களுக்கு டிப்ஸும் ஜாஸ்தி. ஆகவே ஒரு பெரிய சூட்டின் விலையையும், ஒரு பால்கனி அறை, ஒரு உள்அறை இரண்டையும் சேர்த்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு அறை போட்டது மலிவாகவே முடிந்தது. ஏஜென்ட் தானாக இதைச் சொல்லமாட்டார். எங்களுடையவர் கடைசிவரை சூட்டின் சதுர அடியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சதுர அடியை எண்ணாதீர்கள். கதவை எண்ணுங்கள், பாத்ரூமை எண்ணுங்கள்.

இன்னொன்று. சூட்டுகள் பெரும்பாலும் மேல் தளங்களில் இருக்கும். கப்பல் முன்னும் பின்னும் ஆடுவது ஸீசா பலகை மாதிரி. நுனியில் உட்கார்ந்தவருக்குத் தூக்கித் தூக்கிப் போடும், நடுவில் இருப்பவருக்கு அசைவே குறைவு. பக்கவாட்டு ஆட்டம் உயரம் போகப்போகக் கூடும். ஆக, தலைசுற்றலுக்குப் பயப்படும் பெரியவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம்தான் நல்லது. காசு கூடக் கொடுத்து உச்சியில், மூக்கு நுனியில் உள்ள சூட்டை எடுப்பது, காசு கொடுத்து வாந்தியை வாங்குவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் எப்படி இருக்கும் என்று மும்பைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

'குடும்ப சூட்' என்று பெரிய கம்பெனிகள் விற்பது யாருக்காக என்று தெரியவேண்டுமா? 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் மூன்று மாடி வீடு மாதிரி ஒரு சூட் இருக்கிறது. உள்ளேயே சறுக்குமரம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாடி என்றால் படி. முட்டி தேய்ந்த பாட்டி அந்த வீட்டில் எங்கே போவார்? படம் போட்டவர் மனதில் பாட்டி இல்லை. நம் மனதிலாவது இருக்கவேண்டாமா?

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். அப்பா இல்லாமல் அம்மா மட்டும், அல்லது அம்மா இல்லாமல் அப்பா மட்டும் இருக்கும் வீடுகள். தனி ஆளுக்குத் தனி அறை என்றால் பல கம்பெனிகளில் இரண்டு ஆள் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். தலைக்கு 30,000 என்று வைத்தால் அம்மாவுக்கு மட்டும் 60,000 வரை போகும். இங்கேதான் நம்ம புத்தி வேலை செய்கிறது. "அம்மாவைப் பசங்களோட போட்டுடலாம்." அம்மாவும் பேரனும் பேத்தியும் ஒரு அறை, நாம் இரண்டு பேரும் பால்கனியோடு ஒரு அறை. பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் என்ன நடக்கிறது? ராத்திரி பதினோரு மணிக்கு நாம் ஷோவில் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, மூன்று வயசு வாண்டுக்குக் கதை சொல்லி, பாத்ரூம் அழைத்துப்போய், தூங்க வைப்பது அம்மா. அதைச் சுற்றுலா என்று சொல்லக்கூடாது. ஆயா வேலை. சம்பளம் இல்லாத ஆயா, டிக்கெட் மட்டும் நம் செலவு.

பேரப்பிள்ளையோடு படுப்பதில் அவர்களுக்கு ஆசை இருக்கலாம். பதினாலு வயசுப் பேத்தியோடு ஒரு அறை என்றால் இரண்டு பேருமே ராத்திரி முழுக்க ஊர்க்கதை பேசுவார்கள். அது வேறு. ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "அம்மா, பசங்களைப் பாத்துக்கறியா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். "உனக்குத் தனி ரூம் வேணுமா, பசங்களோட இருக்கணுமா, இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாளா?" என்று கேளுங்கள். மூன்றையும் சமமாக வைத்துக் கேட்டால்தான் அது கேள்வி.

"அவங்களேதான் சோபா போதும்னாங்க" என்பவர்களுக்கு: அவர்கள் எப்போது போதாது என்று சொன்னார்கள்? ஊரிலிருந்து மூன்று மாசம் நம் ஃப்ளாட்டுக்கு வருகிறார்கள். இரண்டு பெட்ரூமில் ஒன்று நமக்கு, ஒன்று பிள்ளைகளின் படிப்புக்கு. அவர்களுக்கு ஹால். நாம் டிவியை அணைக்கும்வரை படுக்க முடியாது, வேலைக்கார அம்மா மணி அடித்தால் படுத்திருக்க முடியாது. பெட்டி சோபாவுக்குப் பின்னால். சொந்த ஊரில் திண்ணையும் முற்றமுமாக வாழ்ந்தவர்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படி இருந்துவிட்டுப் போகிறார்கள். மும்பையில் இடம் இல்லை என்பது உண்மை. வீட்டுக் கடன் கட்டுகிற எனக்குத் தெரியாதா? ஆனால் கப்பலில் இடம் விலைக்குக் கிடைக்கிறது. யாருக்கு வாங்குகிறோம் என்பது மட்டும்தான் பாக்கி. அங்கேயும் ஹாலையே கொடுத்தால், இத்தனை நாள் இடம்தான் காரணம் என்று சொன்னதை யார் நம்புவார்கள்?

"பணம் கட்டுறது நான்தானே?" அந்தக் கணக்கை ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் பாக்கி நம் பக்கம்தான் விழும்.

"தனித்தனி அறைன்னா ஒண்ணா போன மாதிரியே இருக்காதே?" குடும்பம் ஒன்றாக இருப்பது சாப்பாட்டு மேஜையில். புக் செய்யும்போதே ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆறு பேருக்கு ஒரே மேஜை கேளுங்கள். சாயங்காலம் எல்லோரும் அப்பா அம்மாவின் பால்கனியில் கூடுங்கள். நாம் அவர்கள் அறைக்குக் கதவைத் தட்டிவிட்டுப் போகவேண்டும். நம் ஃப்ளாட்டில் அவர்களுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவே இல்லையே, அதை நினைத்துப் பாருங்கள்.

புக் செய்யப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நடுவில் கதவு உள்ள இணைப்பு அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். 'பக்கத்து அறை' என்று சொன்னால் நடுவில் கதவு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், இரண்டும் வேறு. அறை எண்ணைக் கம்பெனியே பின்னால் ஒதுக்கும் மலிவு டிக்கெட் வேண்டவே வேண்டாம். நீங்கள் ஒரு மூலை, அப்பா ஒரு மூலை என்று ஆகிவிடும். லிஃப்டுக்குக் கிட்டே, ஆனால் அதற்கு நேர் எதிரே வேண்டாம். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளமாகப் பாருங்கள், நீச்சல் குளத்துக்கு அடியில் போட்டால் விடிகாலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கு, மேடு இல்லாத பாத்ரூமும் அகலக் கதவும் உள்ள அறைகள் கொஞ்சம் உண்டு. தேவை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். ஊதுபத்தி, விளக்கு ஏற்றக் கப்பலில் அனுமதி கிடையாது என்பதையும் அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அறைகளின் வரைபடத்தை அச்செடுத்து அப்பா அம்மா கையில் கொடுங்கள். எது வேண்டும் என்று அவர்கள் விரல் வைக்கட்டும். "எது மலிவோ அது" என்றுதான் முதலில் சொல்வார்கள். விலையை மறைத்துவிட்டு இரண்டாம் தடவை கேளுங்கள்.

பி.கு.: "எங்க வீட்ல அம்மா அப்பாவே சோபாதான் கேட்டாங்க" என்று எழுதப்போகும் நண்பர்களுக்கு: அம்மாவிடம் ஃபோனைக் கொடுங்கள், அவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது :-)