கட்டைக் குழலும் பெரிய ரவையும்

போன மார்கழியில எங்கட வட்சப் குழுவுக்குள்ள ஒரு வீடியோ வந்து விழுந்தது. எங்களில் ஒருத்தியின் மச்சான், கனடாவில் அல்பேர்ட்டாப் பக்கம் இருக்கிறவர், பனிக்குள்ள நின்று புதுத் துவக்கு ஒன்றைச் சுட்டுப் பார்க்கிறார். துவக்கு கட்டை. குழல் வெறும் 16 அங்குலம். ஆனால் அதுக்குள்ள போறது .300 வின்செஸ்டர் மக்னம், மூஸ் மாதிரிப் பெரிய மிருகங்களுக்கென்று பாவிக்கிற ரவை. சுட்டவுடன் குழல் வாயில் பூசணிக்காய் அளவில் ஒரு நெருப்புக்கோளம். எங்களில் பாதிப் பேர் 'மாஸ்' என்று போட்டார்கள். மற்றப் பாதியில் ஒருவரின் அம்மா, சத்தத்தைக் கேட்டு குசினியிலிருந்து ஓடிவந்து "என்னடா அது?" என்று கேட்டாவாம்.

அந்த நெருப்புக்கோளத்தைப் பற்றித்தான் எங்களுக்குக் கதைக்க வேணும். ஏனென்றால் 'மாஸ்' என்று நாங்கள் பார்த்தது, உண்மையில் வீணாய்ப்போன மருந்து.

ரவைக்குள் இருக்கிற மருந்து ஒரே நொடியில் எரிந்து முடியிறதில்லை. எரிய எரிய வாயு பெருகி, சன்னத்தைக் குழல் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும். 1963 இல் வந்த இந்த .300 மக்னத்தின் கோதுக்குள் ஏறக்குறைய நாலரைக் கிராம் மருந்து, அதுவும் ஆறுதலாய் எரியிற வகை. அதைப் பயன்படுத்த 24, 26 அங்குலக் குழல் வேணும். குழலைக் குறைத்தால் சன்னம் வெளியே வந்த பிறகும் மருந்து எரிந்துகொண்டிருக்கும். அதுதான் அந்தக் கோளம். ஓரங்குலம் குறைய, வேகம் செக்கனுக்கு 20 அடியிலிருந்து 50 அடி வரைக்கும் குறையும். மக்னம் ரவைகள் இந்தக் கணக்கில் கூடுதலாய் இழக்கிற பக்கம்.

180 கிரெயின் சன்னத்தை எடுத்தால், 24 அங்குலக் குழலில் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 900 மீற்றர் வேகம். 16 அங்குலத்தில் 800ஐ ஒட்டி வந்துவிடும். வேகம் இவ்வளவு குறைந்தால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதே சன்னத்தை .308 வின்செஸ்டர் என்ற சின்ன ரவையில் போட்டு, வழமையான நீளக் குழலால் சுட்டாலும் வாறது அதே 800தான். ஆக, மச்சான் கூடக் காசு குடுத்து, கூடச் சத்தம் கேட்டு, கூட உதை வாங்கி, சின்ன ரவையின் வேலையைச் செய்விக்கிறார்.

இதுக்கு மறுப்பு வரும், வரத்தான் வேணும். எல்லாப் பெரிய ரவையும் ஒன்றில்லை. 1873 இல் அமெரிக்க இராணுவத்துக்கென்று செய்த .45-70 ஐப் பாருங்கள். குழல் துவாரம் அகலம், மருந்து கெதியாய் எரிந்து முடியும், கட்டைக் குழலிலும் பெரிதாய் இழக்காது. அலாஸ்காவில் கரடிக் காட்டுக்குள் வழிகாட்டிகளாய்ப் போறவர்கள் இந்த ரவைக்கு 18 அங்குலத்தையொட்டிய குழலோடு துவக்கு வைத்திருக்கிறதில் நியாயம் இருக்கு. பத்து மீற்றரில் பற்றைக்குள்ளிருந்து பாய்ந்து வாறதுக்கு நீளக் குழலைத் திருப்பிக்கொண்டு நிற்க ஏலாது. ஆனால் அந்த இராணுவமே குதிரைப் படைக்குக் கொடுத்த கட்டைத் துவக்குக்கு 70 கிரெயின் மருந்தை 55 ஆய்க் குறைத்துத்தான் கொடுத்தது. பாரம் குறைஞ்ச துவக்கில் முழு மருந்தின் உதையைத் தாங்குறது கஷ்டம் என்று அப்பவே விளங்கியிருக்கு.

இன்னொரு நியாயம், சத்தம் குறைக்கிற சைலன்சர். அதைப் பூட்டினால் துவக்கு இன்னும் அரையடிக்கு மேல் நீளும், அதுக்காகக் குழலைக் குறைக்கிறார்கள். சரி. ஆனால் கனடாவில் சைலன்சர் தடை. அங்கே கட்டைக் குழல் என்றால் மிச்சம் வெறும் சத்தம்தான். வேட்டைத் துவக்கு ஒன்றின் வெடி 160 டெசிபலைத் தாண்டும். காதுக்கு ஆபத்தான எல்லை 140. குழல் குறையக் குறைய அந்த வெடி முகத்துக்குக் கிட்ட வருகுது.

சட்டங்கள் இதில் உதவாது என்றதையும் சொல்ல வேணும். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைஞ்ச றைபிளைப் பதிய வேணும் என்ற கட்டுப்பாடு 1934 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வாறது. அப்ப அது 18 அங்குலமாய் இருந்தது. சட்டத்தின் கவலை மேலங்கிக்குள் துவக்கை ஒளிக்கிற கொள்ளைக்கூட்டம், மிருகம் இல்லை. முதல் வரைவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. அதைக் கழற்றிவிட்டார்கள், கட்டைத் துவக்கு மிஞ்சியது. பதிவுக்கு இருந்த 200 டொலர் வரியும் 2026 தை முதலாம் திகதியோடு பூச்சியமாகிவிட்டது. கனடாவில் இன்னும் வேடிக்கை: இருக்கிற குழலை 457 மில்லிமீற்றருக்குக் கீழே வெட்டினால் தடைசெய்யப்பட்ட துவக்கு, கட்டையாகவே செய்த புதுக்குழலை இப்படியான ஒரு துவக்கில் பொருத்தினால் பிரச்சினையில்லை. (எங்கட மச்சான் பொருத்தினது அப்படித்தான். கடைக்காரர் எல்லாம் விளங்கப்படுத்தினவராம்.)

எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். எங்கட வன்னி வேட்டைக்காரர் வைத்திருந்த இடியன் துவக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழல் ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும். வாய்ப்பக்கத்தால மருந்தை இடிச்சு இறுக்கி, ஒரேயொரு வெடி. பிழைச்சால் பண்டி போயிட்டுது. அதால கிட்டப் போய், காத்திருந்து சுட்டார்கள். அதுக்கு நேர் எதிரானது கட்டுத்துவக்கு: ஒரு கட்டைக் குழாய், ஒரு கம்பி, பக்கத்தில் ஆளே இல்லை. பண்டிக்கென்று கட்டினது யானையின் காலில் படும். புண் அழுகி, கிழமைக்கணக்கில் நொண்டி நொண்டிச் சாகும். விறகுக்குப் போற மனிசரின் காலிலும் படும். மச்சானின் விலைகூடின துவக்கையும் இதையும் ஒன்றென்று சொல்ல வரேல்லை. ஆனால் மிருகம் எப்படிச் சாகுது என்ற கேள்வி இரண்டிலும் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கு.

மச்சானோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோக் கோலில் கதைச்சோம். அவர் போன சீசனில் இந்தத் துவக்கால் ஒரு மூஸைச் சுட்டிருக்கிறார். தூரம் 200 மீற்றருக்குள்ள. பட்டது, ஆனால் பின்பக்கமாய். இரத்தத் தடத்தைப் பிடிச்சு இருட்டும் வரைக்கும் நடந்தும் கிடைக்கேல்லை. அந்தத் தூரத்தில் 16 அங்குலக் குழலின் வேகமும் போதும், அதால வேகம்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல ஏலாது. அவரிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"விசையை அமத்த முதலே கண்ணை மூடிட்டன் போல. ரேஞ்சில சுடேக்கையும் அப்பிடித்தான். அந்த வெடிக்கு உடம்பு பயப்பிடுது."

வேட்டைக்காரர் பெரிய ரவை எடுக்கிறதே, மிருகம் கஷ்டப்படாமல் விழ வேணும் என்றதுக்காக. அந்தப் பெரிய ரவையைக் கட்டைக் குழலுக்குள் போட்டு, சுடுற ஆளையே வெடிக்குப் பயப்பட வைத்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் மிஞ்சாது. சன்னம் எங்கே படுகுது என்றதுதான் முதல், எவ்வளவு வேகத்தில் படுகுது என்றது அதுக்குப் பிறகு.

துவக்கை விக்கப்போறீங்களோ என்று கேட்டோம். இல்லையாம், பழைய 24 அங்குலக் குழல் இன்னும் கராஜில் கிடக்குதாம், அதைத் திருப்பிப் போடுவிக்கப் போறாராம். வீடியோவை அழிக்கச் சொல்லி எங்களில் ஒருத்தி கேட்டாள். அதுக்கு மட்டும் அவர் இன்னும் பதில் போடேல்லை.