மோட்டார் வண்டியும் மெய்யுரைத்தலும்

கல்லூரி விழா மலரிலே மோட்டார் வண்டியின் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமோ எனச் சிலர் வினவக்கூடும். பிரித்தானியாவில் வாழும் எம் பழைய மாணவர் சிலரின் இல்லங்களிலே தந்தைக்கும் மைந்தனுக்கும் இடையே வாக்குவாதம் மூட்டும் பொருள் இதுவாதலின் எழுதத் துணிந்தோம்.

குடும்பத்துக்குரிய சிறிய காரிலே வலிமிக்க இயந்திரத்தைப் பொருத்திய வண்டியை அந்நாட்டார் "ஹொட் ஹட்ச்" என்பர். 1976இல் விற்பனைக்கு வந்த வொக்ஸ்வாகன் கொல்ஃப் ஜீ.ரீ.ஐ. இவ்வினத்துக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. அதன் வலு 110 பரிவலு. 2013இல் வெளிவந்த ஏழாந் தலைமுறை வண்டியின் வலு 220. அதுவும் போதாதென்போர் "ரீமாப்" செய்விக்கின்றனர். எவ்வளவு பெற்றோலைச் செலுத்துவது, எத்தருணத்தில் தீப்பொறி எழுப்புவது, டர்போ காற்றை எவ்வளவு அமுக்கித் தள்ளுவது என்பனவெல்லாம் இயந்திரத்தை ஆளும் கணினியிலே அட்டவணைகளாகப் பதிந்துள்ளன. அவ்வட்டவணைகளைத் திருத்தி எழுதுவதே ரீமாப். சாரதியின் முழங்காலுக்கு அருகேயுள்ள துவாரத்தில் ஒரு கம்பியை மாட்டி, ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுவர். 220 ஆயிருந்த வலு முந்நூறை அண்மித்துவிடும். வெளியே நின்று பார்ப்பவர்க்கோ அது பழைய வண்டியே.

பெரிய புகைக்குழாயை மறைத்தல் அரிது. இதனை மறைத்தல் மிக எளிது. எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பரின் மகன், "யார் மாமா கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்று எம்மிடமே கேட்டான். பெரும் விபத்தின் பின் காப்புறுதிக் கம்பனி அனுப்பும் பொறியியலாளர் கணினியையும் படித்துப் பார்க்கக்கூடும் என்றோம். நகைத்தான்.

சட்டம் கூறுவதை அவன் அறிந்திருக்கவில்லை. 1906ஆம் ஆண்டின் கடற் காப்புறுதிச் சட்டத்தில் எழுதப்பட்ட நெறிப்படி, கேளாதவற்றையும் தாமே எடுத்துரைக்கும் கடமை காப்புறுதி செய்வோர்க்கு இருந்தது. 2012இல் நிறைவேறி 2013 ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் தனிப்பட்டோரிடமிருந்து அச்சுமையை நீக்கியது. கேட்ட கேள்விக்குத் தக்க கவனத்துடன் பிழையின்றி விடையளித்தாற் போதும். கவனக்குறைவாற் பிழையாக விடையளித்தவனுக்கு இழப்பீடு விகிதப்படி குறையும்: 1,500 பவுண் கட்டவேண்டியவன் 1,000 பவுணே கட்டியிருந்தால், 12,000 பவுண் இழப்புக்கு 8,000 பவுணே கிடைக்கும். உண்மை தெரிந்திருந்தால் கம்பனி அவனை ஏற்றிருக்கவே மாட்டாதெனின், கட்டிய கட்டுப்பணம் மாத்திரமே திரும்பும். வேண்டுமென்றே மறைத்தவனுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. அவன் மோதிய வழிப்போக்கருக்குக் கம்பனி பணங் கொடுத்தேயாகவேண்டும். பின்னர் அதனை அவனிடமே திரும்பக் கேட்கவுங்கூடும். ஒருவர் நடமாட்டம் இழந்து படுத்துவிட்டால், அத்தொகை ஒரு குடும்பத்தின் வீட்டையே விழுங்கவல்லது.

முன்னைய உடைமையாளன் செய்வித்த ரீமாப்பை அறியாது பழைய வண்டியை வாங்கியவன் நேர்மையாக விடையளித்திருந்தால், அவன்மீது குற்றமில்லை. ஐயம் எழுந்தும் கேட்டறியாது விட்டவனின் நிலை வேறு.

இவ்வளவுங் கூறியபின், கம்பனிகளையும் வாளா விட எமக்கு மனமில்லை. "வண்டியில் மாற்றம் ஏதும் உண்டா?" என ஒரே வரியிற் கேட்டுவிட்டு, "ஆம்" என்றதும் கதவை அடைப்பன பல. கண்ணுக்குத் தெரியாத கணினித் திருத்தமும் மாற்றமே என்பதை ஓர் இளைஞன் எங்ஙனம் ஊகிப்பான்? ரீமாப்பைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். நியாயமான கட்டுப்பணத்தை விதித்து ஏற்கவும் வேண்டும். நல்ல பிறேக்கும் நல்ல ரயரும் போட்டவனுக்குச் சற்றே தளர்வு காட்டினால் என்ன? மெய்யுரைத்தவனை வாயிலில் நிறுத்திவிட்டுப் பொய்யுரைத்தவனை உள்ளே அழைக்கும் வழக்கம், வாணிகத்துக்கும் நன்றன்று.

நண்பரின் மகன் ஈற்றில் உள்ளதை உள்ளபடி எழுதினான். மூன்று ஆண்டு அவனிடம் பணம் வாங்கிய கம்பனி, இத்தகைய வண்டியை ஏற்பதில்லை என்று கைவிரித்தது. மாற்றிய வண்டிகளையே பொறுப்பேற்கும் வேறொரு கம்பனி கூடிய கட்டுப்பணத்துக்கு அவனை ஏற்றுக்கொண்டது. மாதந்தோறும் பணங்கட்டும் நாளிலே எம் பெயரைச் சொல்லி அவன் முணுமுணுப்பதாகத் தந்தையார் எழுதியிருக்கின்றார். முணுமுணுக்கட்டும்.