கெடா வானில் காந்தத் திசைகாட்டி

மின்சாரம் நின்றாலும் செயற்கைக்கோளின் குறிகை கிடைக்காமற்போனாலும் விமானிக்குத் திசை சொல்லக்கூடிய கருவி காந்தத் திசைகாட்டி. ஆயினும் அது காட்டும் பாகையில் பிழை கலந்திருக்கக்கூடும் என்பதால், அப்பிழையின் அளவை அறிந்து வைத்திருப்பது விமானியின் கடமையாகிறது.

இப்பிழைகளுள் சில பூமியால் விளைபவை. மெய்வடக்குக்கும் காந்தவடக்குக்கும் இடையிலுள்ள கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். மலேசியாவின் கெடாவில் அது ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு காந்தச் சரிவு. விமானம் திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் திசைகாட்டி தவறாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். சரிவு அறவே இல்லாத காந்த நடுக்கோடு தென்தாய்லாந்தின் வழியாகச் செல்வதால், புவியியலின்படி வட அரைக்கோளத்திலுள்ள கெடாக் கடலோர ஊரான கோத்தா கோலா மூடா காந்தக் கணக்கில் தென்பாதியில் அமைகிறது. எனினும் இங்குச் சரிவு சில பாகைகளே என்பதால், உயர் அகலாங்குகளில் விமானிகளைக் குழப்பும் திருப்பப் பிழை இவ்வட்டாரத்தில் மிகச் சிறியது.

ஆகவே இங்கு எஞ்சுவது பெரும்பாலும் விமானமே உண்டாக்கும் பிழைதான். இயந்திரத்தின் எஃகு, மின்கம்பிகளில் ஓடும் மின்னோட்டம், விமானி தலையில் மாட்டும் செவிப்பேசியின் காந்தம் ஆகியவை முள்ளை இழுப்பதால் வரும் இப்பிழை விலகல் எனப்படும். தரையில் விமானத்தை முப்பது பாகைக்கு ஒருமுறை திருப்பி நிறுத்தி விலகலை அளந்து, இயன்றவரை குறைத்து, மீதியை ஓர் அட்டையில் எழுதித் திசைகாட்டியின் அருகே பொருத்துவது வழக்கம்; ஆனால் பறக்கும்போது மின்சுமை கூடுவதாலும், சில விமானங்களில் சக்கரங்கள் உள்ளே மடங்குவதாலும், அவ்வட்டையை வானிலும் சோதிப்பது தேவையாகிறது.

மூடா ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைவரை வரைபடத்தில் ஒரு கோடிட்டு, அதன்மேல் பறந்து, திசைகாட்டி அக்கோட்டின் பாகையைக் காட்டுகிறதா என்று பார்ப்பது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் பக்கக்காற்று வீசும்போது விமானம் கோட்டின்மேல் நிற்பதற்காகத் தன் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிப் பறப்பதால், காணப்படும் வேறுபாடு காற்றால் வந்ததா, கருவியால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. நம்பத்தக்க முறை வேறு. பட்டர்வொர்த்தின் 18/36, அலோர் ஸ்டாரின் 04/22 போன்ற ஓடுபாதை எண்கள் காந்தப் பாகையைப் பத்தால் வகுத்து முழுமைப்படுத்தியவை. ஆகையால் புறப்படுமுன் விமானத்தை ஓடுபாதையின் மையக்கோட்டில் நிறுத்தி, அப்பாதைக்கென வெளியிடப்பட்ட துல்லியமான பாகைக்கு, காந்தத்தைச் சாராமல் சுழற்சியால் திசை காக்கும் ஜைரோ திசைகாட்டியைப் பொருத்த வேண்டும். பின்னர் காற்றமைதியான காலையில் முப்பது பாகைக்கு ஒருமுறை திரும்பி, இறக்கை சமநிலையிலும் வேகம் மாறாமலும் சிறிது நேரம் பறந்து, காந்தமுள் அடங்கிய பின்னரே இரு கருவிகளின் அளவுகளையும் குறிக்க வேண்டும். பூமியின் சுழற்சியால் ஜைரோ இங்கு மணிக்கு ஏறத்தாழ 1.5 பாகை மட்டுமே நகர்வதாகத் தோன்றும். இலண்டனின் அகலாங்கில் அதுவே 12 பாகைக்கு அண்மையது. உராய்வால் ஏற்படும் நகர்வு தனியே உண்டு என்பதால், முடிவில் தொடக்கத் திசைக்கே திரும்பி ஒப்பிடாத சோதனை நிறைவுறாது.

செயற்கைக்கோள் வழிகாட்டி விமானம் நகரும் தடத்தைச் சொல்லுமேயன்றி அதன் மூக்கு நோக்கும் திசையைச் சொல்லாது என்பதால், இச்சோதனை பழங்கால வழக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. அலோர் ஸ்டாரில் விமானப்படைப் பயிற்சி பெறும் இளைஞர் நாளை வடக்கிலோ தெற்கிலோ தொலைதூர வானில் பறக்க நேரும். பூமியின் பிழை சிறுத்து விமானத்தின் பிழை தனித்துத் தெரியும் இவ்வானிலேயே விலகலை அளந்து பழகியவரே, இரண்டும் கலந்து வரும் இடங்களில் எது எதனால் விளைந்தது எனத் தெளிவாகப் பிரித்தறிவார்.