சாத்துக்குடி பச்சையாக இருந்தால் என்ன?

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் சாத்துக்குடி வாங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். "என்னண்ணே, எல்லாம் பச்சையா இருக்கு? மஞ்சளா பாத்துப் போடுங்க" என்ற குரல் கேட்கும். நானும் அப்படிக் கேட்டவன்தான். சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் மஞ்சள் பழத்தைத்தான் தேடுவார். தேவையே இல்லை.

மாம்பழமும் வாழையும் பறித்த பிறகும் பழுக்கும். காயில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சை அப்படியல்ல. மரத்தில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். தோல் நிறம் மாற இரவில் குளிர் வேண்டும். அனந்தபூர், நல்கொண்டா பக்கத்து வெப்பத்தில் உள்ளே சாறு நிறைந்து இனித்தாலும் தோல் பச்சையாகவே நின்றுவிடும்.

அதை மஞ்சளாக்கத்தான் எத்திலீன் வாயு அறை. பொதுவாக 10 பிபிஎம்முக்கும் குறைவான வாயுவே போதும். தோலின் பச்சையம் சிதைந்து, அடியில் உள்ள மஞ்சள் நிறமி வெளியே தெரியும். 'அப்போ வைட்டமின் சி போயிடுமா?' பயம் வேண்டாம், எத்திலீனால் அது பெரிதாகக் குறைவதில்லை. கூடுவதும் இல்லை. மாற்றமெல்லாம் நாம் உரித்துக் குப்பையில் போடும் தோலில்தான். ஆனால் பழத்தின் சுவாசம் வேகமாகி, காம்பு சீக்கிரம் உதிர்ந்து, அழுகலும் முந்திக்கொள்ளும்.

கார்பைடு கல் வேறு விஷயம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம் என்பதால், 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. மஞ்சளாக இருந்தால்தான் விற்கும் என்று நாம் அடம்பிடித்தால், வாயு அறைக்கு வழியில்லாத வியாபாரி எதைத் தேடிப் போவார்? கோடையில் மாம்பழக் கிடங்குகளில் காட்டும் கவனத்தை அதிகாரிகள் இந்தப் பக்கமும் காட்டலாம். அதற்கு முன், கேட்பதை நாம் நிறுத்தலாம்.

சத்து உண்மையில் போகிற இடம் வேறு: வெயிலில் கிடக்கும் நாட்கள், பிழிந்து மணிக்கணக்கில் வைத்த ஜூஸ், போதாததற்கு வடிகட்டி. சுளையோடு ஒட்டிய வெள்ளை நாரில்தான் ஹெஸ்பெரிடின் அதிகம்; அதைத்தான் நாம் சுரண்டி எறிகிறோம்.

அடுத்த முறை நிறத்தைப் பார்க்காமல் பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம், மெல்லிய வழவழப்பான தோல், விழாத காம்பு இருந்தால், "இந்தப் பச்சையே போடுங்கண்ணே" என்று சொல்லுங்கள்.