பூச வேண்டியது தட்டுக்கு, தொட்டிக்கு அல்ல

மாடியிலும் திண்ணையிலும் மண் தொட்டி வைத்துச் செடி வளர்க்கும் வீடுகளில் ஒரு புகார் வழக்கமாக எழும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தாலும் தரையில் ஈரம் பொசிகிறது; சிமெண்ட் தளத்தில் வட்ட வட்டமாகக் கறை விழுகிறது. மண் தட்டு தண்ணீரைத் தாங்குவதில்லை என்று சலித்துக்கொண்டு, பெயிண்ட் டப்பாவைத் திறந்து தொட்டி, தட்டு இரண்டுக்கும் உள்ளும் புறமும் பூசிவிடுகிறவர்கள் உண்டு. மண் தொட்டியே வேண்டாம் என்று பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரப்பட்டுச் செய்யும் காரியங்கள்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திற்கு இது சின்ன விஷயம் அல்ல. மேற்கே மலை இருந்தாலும் கோடையில் மொட்டை மாடித் தளம் கால் வைக்க முடியாதபடி காயும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை பிடித்துக்கொண்டால் தொட்டி மண் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரோ துளசியோடு பிணைந்த ஊர். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில்தான் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள் என்பது தல வரலாறு. அந்தத் துளசியை வீட்டில் தொட்டியில் வைத்துக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது, அதன் வேர் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது என்பதே.

மண் தொட்டி ஏன் கசிகிறது? சூளையில் சுட்ட களிமண் கெட்டிப்படுகிறதே தவிர, பீங்கானைப் போல உருகி இறுகுவதில்லை. அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். குடிதண்ணீர்ப் பானை குளிர்வதற்கும் இதுவே காரணம். பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பூந்தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. சுவர் வழியே ஈரம் வெளியேறுவதால் வேர்ப்பகுதி சூடேறாமல் இருக்கிறது; மண்ணுக்குள் காற்றும் போகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் காணலாம். உப்பில் ஒரு பங்கு மண்ணில் தங்காமல் சுவர் வழியே வெளியேறியதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கசிவைக் குறையாகப் பார்க்காமல் பயனாக மாற்றியவர்களும் உண்டு. பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் செடி வைக்கும் பானைப் பாசனம் சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட முறை. 1970-களில் அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்தில் இதைக் காய்கறிப் பயிர்களுக்கு வைத்துச் சோதனை செய்தார்கள். பானைக்குப் பெயிண்ட் பூசிவிட்டால் அந்தப் பாசனமே இல்லை.

தொட்டிக்குப் பூசினால் தண்ணீர் செலவு குறையும் என்று வாதிடுவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோடையில் அது குறையத்தான் செய்யும். ஆனால் அடைமழைக் காலத்தில் ஈரம் வெளியேற அடித்துளை ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். கோடையில் தண்ணீரை மிச்சப்படுத்த, மண்ணின் மேல் தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பலாம். தொட்டிகளை நெருக்கி வைக்கலாம். மேலும், தொட்டியின் வெளிப்புறம் பூசிய பெயிண்ட் நிலைப்பதும் இல்லை. உள்ளிருந்து வரும் ஈரம் பின்னாலிருந்து தள்ள, கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடும்.

தட்டின் வேலை வேறு. தொட்டி ஈரத்தை விட வேண்டும். தட்டு ஈரத்தைத் தடுக்க வேண்டும். ஆகவே பூச்சு தட்டுக்கு அவசியம். அதையும் தண்ணீர் நிற்கும் உட்புறத்தில்தான் பூச வேண்டும். வெளிப்புறம் மட்டும் பூசினால் தண்ணீர் ஓட்டுக்குள் ஊறி, பூச்சை உரித்துக்கொண்டு வெளியே வரும்.

செலவு குறைந்த முறை சிமெண்ட் பால். தட்டை முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவைக்க வேண்டும். காய்ந்த தட்டில் பூசினால் ஓடு சிமெண்டின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட் இறுகாமல் பொடியாக உதிரும். சிமெண்டைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, பிரஷ்ஷால் உட்புறமும் விளிம்பும் மூடும்படி மெல்லியதாகப் பூசி, மறுநாள் இரண்டாம் பூச்சு கொடுக்க வேண்டும். பிறகு 7 நாள் ஈரச் சாக்கால் மூடிப் பதப்படுத்த வேண்டும். அதன்பின் சில நாட்கள் தட்டில் தண்ணீர் நிரப்பி, தினம் மாற்றிக் கொட்டினால் சிமெண்டின் காரம் குறையும்.

வண்ணக் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் இன்னொரு வழி. தட்டை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, சூடாக இருக்கும்போதே எண்ணெயைத் தடவ வேண்டும். ஓடு இனிமேல் குடிக்காது என்ற நிலை வரும் வரை தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரமாவது உலரவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். மெழுகு பூசுவதும் உண்டு. ஆனால் அது நிழலில் வைக்கும் தட்டுக்கே சரிப்படும். மாடி வெயிலில் மெழுகு இளகிவிடும்.

பூச்சு முடிந்ததும் தட்டைச் செய்தித்தாளின் மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுவைத்தால் போதும். காலையில் தாள் நனையாமல் இருந்தால் வேலை சரி. தட்டுக்குள் மூன்று ஓட்டுச் சில்லுகளைப் போட்டு அவற்றின் மேல் தொட்டியை வைத்தால், அடிப்பாகம் தண்ணீரில் நிற்காது.

இங்கே ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. பூசாத தட்டு தண்ணீரைத் தானே குடித்துச் சீக்கிரம் காய்ந்துவிடும். பூசிய தட்டில் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவவும் வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் உள்ளவர்கள் தட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அது முடியாதவர்கள் தட்டில் மணலை நிரப்பிவிடலாம். இதையும் செய்ய மாட்டோம் என்பவர்கள் தட்டுக்குப் பூச்சுப் பூசாமல் இருப்பதே நல்லது.

வாங்கும்போதே கவனித்தால் பாதித் தொல்லை இல்லை. விரல் முட்டியால் தட்டினால் 'கணீர்' என்று ஒலிப்பது நன்றாக வெந்தது. மந்தமாக ஒலிப்பது வேகாதது அல்லது விரிசல் விட்டது. நன்றாக வெந்த தட்டில் கசிவும் குறைவு. 2024-இல் தமிழக அரசு, கண்மாய்களில் வண்டல் மண், களிமண் எடுக்க விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெறும்படி விதியை எளிதாக்கியது. மண் கிடைத்தால் மட்டும் தொழில் பிழைத்துவிடாது, வாங்குவோரும் வேண்டும். தரையில் விழும் ஓர் ஈரக் கறைக்காக மண் தொட்டியை ஒதுக்குவது, ஒரு கிண்ணம் சிமெண்டில் தீரும் குறைக்குச் செடியின் நலத்தையும் ஒருவரின் பிழைப்பையும் விலையாகக் கொடுப்பதாகும்.