பாலங்கிகா ஆலயத்தின் மணிகள்

பிறர் வீட்டுப் பொருளை எடுத்து வந்து நம் கூடத்தில் வைத்துக்கொண்டு, "இது எங்கள் நினைவுச் சின்னம்" என்றால் எவரேனும் ஒப்புவரா? வல்லரசு சொன்னால் உலகம் நூறாண்டுக்கு மேலும் ஒப்புகிறது.

1898-இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா, அந்நாட்டுக்கு 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதமே விடுதலையை அறிவித்துவிட்ட அத்தீவு மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கல்வி தந்து கிறிஸ்தவராக்க வேண்டுமெனக் குடியரசுத் தலைவர் மக்கின்லி கூறியதாக ஒரு செய்தி உண்டு. நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அங்கே கத்தோலிக்க மறை வேரூன்றி 300 ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611-இல் தோன்றியது. 1636-இல் பிறந்த ஹார்வர்டுக்கு அது அக்காள் அன்றோ!

சாமார் தீவிலுள்ள பாலங்கிகாவில் அமெரிக்கப் படையினர் ஊர் ஆண்களை அடைத்து வைத்துக் கட்டாய வேலை வாங்கினர். 1901 செப்டம்பர் 28 காலை ஆலய மணி ஒலித்தது. ஊரார் பாய்ந்து தாக்கினர். படைவீரர் 48 பேர் மாண்டனர். உணவு வேளையில் நடந்த அக்கொலையும் கொடியதே. அதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பதிலாக ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் இட்ட ஆணை என்ன? ஆயுதம் ஏந்தக்கூடிய, 10 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கொல்லுங்கள் என்பது! பத்து வயது என்றால் நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. 1902-இல் இராணுவ நீதிமன்றம் அவருக்குத் தந்த தண்டனை, வெறும் கண்டிப்பு. பின்பு ஓய்வு கொடுத்து அனுப்பினர். நம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவருக்கும் அதே தண்டனைதான்!

ஆலயத்தின் மூன்று மணிகளும் போர்ப் பரிசாயின. இரண்டு வயோமிங் மாநிலப் படைத்தளத்துக்குச் சென்றன. ஒன்று படைப்பிரிவோடு பயணமாகித் தென் கொரியா வரை போயிற்று. பிலிப்பைன்ஸ் அரசும் ஆயர்களும் பலமுறை கேட்டனர். மாண்ட வீரரின் நினைவு அது, தரலாகாது என்று முன்னாள் படைவீரர் பலர் எதிர்த்தனர். மாண்டவரை நினைப்பது நியாயமே. அதற்குக் கல்லில் பெயர் பொறிக்கலாமே! ஆலய மணி திருப்பலிக்கு அழைக்க வார்க்கப்பட்டது. இறந்தோருக்காக ஒலிப்பதும் அதுவே.

117 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில் மணிகள் ஊர் திரும்பின. அமெரிக்கர் 48 பேர் என்று கணக்கு இருக்கிறது. சாமாரில் மாண்ட ஊரார் எத்தனை பேர் என்பதிலோ வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை.